ஜமீன் வீட்டு ஞாயிற்றுக்கிழமை

சொல்றேன் சாமி, சொல்றேன். எழுதிக்கறதுன்னா மெதுவா எழுதிக்கங்க, நான் கொஞ்சம் வேகமாத்தான் பேசுவேன். அந்த வீட்டுல பேச ஆள் இல்லாம பேச்செல்லாம் உள்ளயே தேங்கிப் போயிருக்கு. கோயில்ல நான் எங்க உக்காந்தேன்னுதானே கேட்டீங்க? சின்னத்தொரையோட பெண்சாதின்னு ஊர் என்னை ஒத்துக்கிச்சான்னு இந்த விசாரணையில தெரிஞ்சுக்கறதுக்காகக் கேக்கறீங்க. புரியுது. ஆனா கீரங்கோட்டை ஜமீன்ல யாரு எங்க உக்காந்தாங்கங்கறத ஒரு வார்த்தையில சொல்லிற முடியாது சாமி. அங்க ராஜ்யம் நடக்கறதே மாதா கோயிலுக்குள்ளதான்.

ஆமா, முசிறி தாண்டி, பச்சைமலை பக்கம் போற ரோட்டுல. நீங்க வந்ததில்லையா? ரோமாபுரி வரைக்கும் போய்ப் படிச்சுட்டு வந்திருக்கீங்க, முசிறி தாண்டி வந்ததில்ல. பரவால்ல. வந்தா மொதல்ல கோயில் கோபுரந்தான் தெரியும், அரமனை அதுக்குப் பின்னால. அரமனைன்னா பெருசா நெனச்சுக்காதீங்க, பாதி இடிஞ்சு கெடக்கு. ஜமீன் ஒழிப்புன்னு சொல்லி சர்க்கார் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்க இல்ல? காடு போச்சு, குளம் போச்சு, வரி போச்சு. நேத்து வரைக்கும் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நின்னவன் இன்னிக்கு ஓட்டுப் போடறான். ஆனா கோயில்ல கெடக்கற நாற்காலிய மட்டும் சர்க்காரால எடுக்க முடியல. கோயில் உங்க மேற்றிராணியார் ஆயரோடது ஆச்சே. அதனால ராஜா வீட்டு மரியாதை மொத்தமும் வந்து அந்த ஒரு நாற்காலியில ஏறி உக்காந்துக்கிச்சு. ஜமீன் இருந்த காலத்துல பெரியதொரை, அதான் என் மாமனார், பண்டிகை பண்டிகைக்குத்தான் பூசைக்கு வருவாங்களாம். ஜமீன் போனதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம தவறினதில்ல.

எந்த மாதிரி மரியாதைன்னா? சொல்றேன் கேளுங்க. காலையில ரெண்டு தடவை மணி அடிச்சுருவாங்க. மூணாவது மணி அடிக்கணும்னா எங்க கார் மதகைத் தாண்டணும். மணியடிக்கற கோயில்பிள்ளை மேல நின்னுக்கிட்டு ரோட்டையே பாத்துட்டு இருப்பாரு. கார் மக்கர் பண்ணிச்சுன்னா பூசை லேட்டு. கைப்பிள்ளைக்காரிங்கள்லாம் உள்ள புழுங்கிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நாங்க போய் எறங்கினா பங்குசாமி வாசல்ல தீர்த்தத்தோட நிக்கணும். தெளிக்கக் கூடாது, தெளிக்கறது சனங்களுக்கு. தொரைக்கு அந்தத் தெளிக்கற குச்சிய மரியாதையா நீட்டணும். அவங்க விரலால தொட்டு நெத்தியில வச்சுக்கிட்டு, அந்த ஈரத்த ராணியம்மா விரலுக்குக் குடுப்பாங்க. ராணியம்மா, என் மாமியார், அத மகனுக்குக் குடுப்பாங்க. மகன் எனக்குக் குடுக்கணும். என் கைக்கு வர்றதுக்குள்ள அது காஞ்சு போயிரும் சாமி. சிரிக்கறீங்க. நெசமாத்தான் சொல்றேன், காஞ்ச விரலத்தான் நான் நெத்தியில வச்சுக்குவேன்.

இன்னும் இருக்கு. ஆண்டவருக்கு வலது முழங்கால் போடணும், தொரைக்கு இடது முழங்கால். தொரை நடுவுல நடந்து போகும்போது ரெண்டு பக்கமும் சனங்க இடது முழங்கால் போடுவாங்க, அப்புறம் பீடத்தைப் பாத்து வலது முழங்கால். வயசானவங்க ரெண்டையும் மடக்கி நிமுந்து எந்திரிக்கறதுக்குள்ள பாதி பூசை ஆயிருக்கும். என்னது, இடது முழங்கால் ஆயருக்குப் போடற வழக்கமா? அப்படியா? அத நீங்க அங்க வந்து சொல்லணும். ஆயருக்குன்னு ஒண்ணு இருக்கறதாலதான் எங்களுக்கும் வேணும்னு வாங்கி வச்சிருப்பாங்க.

தூபம் சாமியாருக்குக் காட்டினதும் அடுத்தது தொரைக்கு. நன்மை அப்பம் வாங்கறது மொதல்ல நாங்க, தனியா. நாங்க எந்திரிச்சு வந்தப்புறந்தான் மத்தவங்க பீடத்துக் கிராதிகிட்ட போகலாம். பூசை முடிஞ்சு எங்க கார் கெளம்பற சத்தம் கேக்கற வரைக்கும் ஒருத்தர் அசையக் கூடாது. இங்க திருச்சிராப்பள்ளி கன்டோன்மென்ட் கோயில்ல வெள்ளக்காரங்க அவங்க ராஜா பேரச் சொல்லி ஜெபம் பண்ணுவாங்கன்னு பெரியதொரை சின்ன வயசுல கேள்விப்பட்டிருக்காங்க. ஒடனே நம்ம பேரும் வரணும்னு அப்ப இருந்த சாமியார்கிட்ட சொல்லியாச்சு. அப்புறம் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, அங்கயே ராஜா பேரை எடுத்துட்டாங்க. அவங்க எடுத்தா எடுத்துக்கட்டும், நம்ம பேரு நிக்கக் கூடாதுன்னு இவங்க ஒத்தக் கால்ல நின்னாங்க.

ஒரு தடவை மலையாளத்துக்காரர் ஒருத்தர் வந்தாரு, பாலம் கட்டற இன்ஜினியர். சிரியன் கிறிஸ்தவர். அவங்க வழக்கம் செருப்ப வெளியில விட்டுட்டு வந்து, பூசை முழுக்க நிக்கறதாம். பாவம் மனுசன், தன்பாட்டுக்குக் கைகட்டி நின்னாரு. பெரியதொரை அத என்ன நெனச்சாங்க தெரியுமா? தனக்காக நிக்கறாருன்னு நெனச்சுட்டாங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டு, போதும் உக்காருங்கன்னு பெரிய மனசோட கையக் காட்டினாங்க. அவருக்கு ஒண்ணும் புரியல, இன்னும் நல்லா நிமுந்து நின்னாரு. அதுலேருந்து அரமனையில ஒரே பேச்சு. பாத்தியா, அசலூர்க்காரனுக்கு இருக்கற மரியாதை நம்மூர்க்காரனுக்கு இல்லேன்னு.

நானா? நான் திருச்சிராப்பள்ளிதான். எங்கப்பா லுத்தரன் ஸ்கூல் வாத்தியார், கோயில்ல பாட்டுக் குழுவும் அவருதான் நடத்தினாரு. எனக்கு வச்ச பேரு ஞானப்பூ. ரோசரிங்கறது அப்புறமா வச்சது, அதுக்கு வரேன். எங்க சபைய இந்த நாட்டுக்கு அனுப்பி வச்சதே ஒரு ராஜாதான், தரங்கம்பாடிக்கு, டென்மார்க் ராஜா. அப்பா பெருமையாச் சொல்லுவாரு, ராஜா அனுப்பிச்ச சபைடி இது, ஆனா உள்ள ராஜாவுக்குன்னு ஒரு நாற்காலி கெடையாதுன்னு. கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா பக்கத்துல கறிக்கடைக்காரர் உக்காருவாரு. எல்லாரும் பாடுவாங்க. சுருதி சேராதவங்கதான் ரொம்ப சத்தமாப் பாடுவாங்க, அப்பா அப்படியே பல்லக் கடிப்பாரு.

எங்க லுத்தரன் சபைக்காரங்கள பதிதர்னு சொன்னா கோச்சுக்குவேன்னு நெனச்சீங்களா? கீரங்கோட்டையில எனக்கு அதான் பேரு, பதிதச்சி. இப்ப ரோமாபுரியில சங்கம் கூடி மாத்திட்டாங்களா? பிரிஞ்சு போன சகோதரர்னு சொல்லணுமா? நல்லாத்தான் இருக்கு. ஆனா சாமி, பிரிஞ்சு போனது யாருங்கறது எந்தப் பக்கத்துலேருந்து பாக்கறோங்கறதப் பொறுத்து இல்ல? சரி சரி, விடுங்க. அதுக்கு நான் வரல.

அவரு இங்க காலேஜ்ல படிச்சாரு. அமிர்தசாமின்னு பேரு, சின்னத்தொரைன்னு எங்களுக்குத் தெரியாது. ஒரு கிறிஸ்மஸுக்குக் கூட்டாளியோட எங்க கோயிலுக்குப் பாட்டுக் கேக்க வந்தாரு. கடைசி பெஞ்சில உக்காந்துக்கிட்டு, எப்ப எந்திரிக்கறது எப்ப உக்கார்றதுன்னு தெரியாம முழிக்கறாரு. நாங்க பாட எந்திரிச்சா இவரு முழங்கால் போடறாரு. நாங்க ஜெபத்துக்குத் தலை குனிஞ்சா இவரு எந்திரிச்சு நிக்கறாரு. எனக்குப் பாட்டு நடுவுல சிரிப்பு வந்துருச்சு. அவரும் பாத்துட்டாரு. அங்க ஆரம்பிச்சது.

ரெண்டு வீட்டுலயும் ஒத்துக்கல. அப்புறம் எங்கப்பா எறங்கி வந்தாரு, அவங்க வரல. எங்க கோயில்லயே, எங்க போதகர் ஐயர் முன்னால, சபை முழுக்கப் பாத்துட்டு இருக்கத் தாலி கட்டினாரு. ஒளிவு மறைவு ஒண்ணும் கெடையாது. அதுக்கப்புறம் ஸ்ரீரங்கத்துல மேலூர் ரோட்டுல ரெண்டு ரூம் வாடகைக்குப் பிடிச்சோம். வீட்டுக்காரம்மா பேரு ரெங்கம்மாள், பூக்கட்டறவங்க. பெருமாள் பொறப்பாடுன்னா எங்களையும் இழுத்துட்டுப் போயி தெருவுல நிறுத்திருவாங்க. கொடை, சாமரம், யானை, தீவட்டின்னு அமர்க்களமாப் போகும். இதான் எங்க ராஜா, ரெங்கராஜா, ஊருக்கு இவரு ஒருத்தர்தான், மத்தவன்லாம் கூட்டம்னு அந்தம்மா சொல்லுவாங்க. அவரு என் காதுல சொன்னாரு, எங்க ஊர்ல நாங்களும் இப்படித்தான் போவோம், ஆனா சாமி உள்ள இருக்கும், நாங்க வெளியிலேருந்து வருவோம்னு. அப்ப அது எனக்கு வேடிக்கையா இருந்துச்சு.

அந்த ரெண்டு ரூம்ல இருந்த மனுசன் வேற சாமி. காவேரியில குளிச்சுட்டு ஈர வேட்டியோட வந்து, இன்னிக்கு என்ன கொழம்புன்னு கேப்பாரு. நான் பாடினா பக்கத்துல உக்காந்து கேப்பாரு. அவரு கெட்டவர் இல்ல, அதையும் எழுதிக்கங்க. தண்ணி மாதிரி ஆளு. ஊத்தின பாத்திரத்துல அடங்கிருவாரு.

ஒரு நாளு கார் வந்து நின்னுச்சு. பெரியதொரைக்கு ஒடம்பு சரியில்ல, மன்னிச்சாச்சு, ரெண்டு பேரும் வாங்கன்னு. நானும் சந்தோசமாத்தான் ஏறினேன். ரெங்கம்மாள் ஒரு பந்து மல்லி குடுத்து அனுப்புனாங்க. கீரங்கோட்டைக்குப் போனதும் எனக்கு மறுபடி ஞானஸ்நானம். ஒருவேளை முன்னால வாங்கினது செல்லாம இருந்தால்னு ஒரு வார்த்தை சேத்துத் தண்ணி ஊத்தினாங்க. அப்பதான் ரோசரின்னு பேரு வச்சாங்க. நான் ஒண்ணும் மல்லுக்கட்டல. அவருக்காகன்னு நெனச்சுக்கிட்டேன்.

மொத வருசம் அவருக்குப் பக்கத்துல உக்காந்தேன், கிராதிக்கு உள்பக்கம், வெல்வெட்டு முழங்கால் பலகையோட. எழுதிக்கங்க, பக்கத்துல. ரெண்டு மூணு வருசமாச்சு, கொழந்த இல்ல. ஒரு ஞாயித்துக்கெழம போனா என் நாற்காலி ஒரு வரிசை பின்னால கெடக்கு. யாரும் ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல. அப்புறம் தூணோரம் வந்துச்சு. அப்புறம் தொரைசானிங்க சனங்க கண்ணுல படக் கூடாதுன்னு புதுசா ஒரு வழக்கத்தக் கண்டுபிடிச்சு, பக்கவாட்டுல ஒரு மரத்தட்டி அடிச்சு, அதுக்குப் பின்னால என்னை வச்சாங்க. தனிக் கதவு. காரிலேருந்து எறங்கி நேரா அதுக்குள்ள போயிரணும். ராணியம்மாவும் தொரைசானிதானே, அவங்களுக்கு மட்டும் தட்டி இல்லையான்னு கேக்கறீங்க. நானும் கேட்டேன். அவங்க வாரிசு பெத்தவங்களாம்.

அங்கேருந்து பீடம் தெரியாது. அந்தோனியார் சுரூபம் ஒண்ணு இருக்கும், அதோட முதுகுதான் தெரியும். வருசக்கணக்கா அந்தோனியார் முதுகப் பாத்துத்தான் பூசை கண்டேன் நான். அவரு தோள்ல ஒரு எடத்துல சாயம் உரிஞ்சிருக்கும். பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட சாமியார் அங்க வந்துட்டுப் போவாரு, நான் வெளியில வரக் கூடாது. பாட்டா? மூச்சு விடக் கூடாது. ஒரு தடவை தாங்காம, சனங்க பாடும்போது கூடச் சேந்து பாடிட்டேன். என் குரல் கொஞ்சம் ஏறுமில்ல? கோயில் முழுக்கத் திரும்பிப் பாத்துச்சு. அன்னிக்கு வீட்டுல யாரும் சாப்பிடல. ஜமீன் வீட்டுப் பொம்பள கொரலை ஊரான் கேட்டுட்டான்னு ராணியம்மா சுவத்தப் பாத்துப் படுத்துட்டாங்க.

எங்கப்பா செத்தப்போ... இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

எங்கப்பா செத்தப்போ கூட்டிட்டு வந்தாங்க. வராம இல்ல. ஆனா பதிதர் கோயிலுக்குள்ள ஜமீன் கால் படக் கூடாதுன்னுட்டாங்க. தப்புன்னு இப்ப சொல்றீங்க. சாவுக்குப் போகலாம்னு அப்பவே சட்டத்துல எடம் இருந்துச்சா? எனக்கு யாரு சாமி சொன்னாங்க? கோயில் காம்பவுண்டுக்கு வெளியில கார நிறுத்தி, ரெண்டு பக்கமும் திரைய இழுத்துவிட்டு என்னை உள்ள வச்சிருந்தாங்க. உள்ளேருந்து அப்பாவோட பாட்டுக் குழு பாடுது. எந்த எடத்துல யாரு தப்பாப் பாடறாங்கன்னு எனக்குத் தெரியுது. அவரு என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு, கையப் பிசைஞ்சுக்கிட்டு. எறங்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. எங்க டிரைவர் மருதை, அவன் கருப்பசாமி கும்பிடறவன், கதவுப் பக்கம் வந்து குனிஞ்சு, அம்மா நான் போயிப் போட்டுட்டு வரவான்னான். போடான்னேன். எங்கப்பாவுக்கு எனக்குப் பதிலா ஒரு பிடி மண்ணு போட்டது அவந்தான். திரும்பி வந்தவன் கையக் கழுவாம நின்னுக்கிட்டு இருந்தான். நான் அந்தக் கையைப் பிடிச்சு மோந்து பாத்தேன். ஜமீன் மருமகள் டிரைவர் கையப் பிடிச்சுட்டான்னு அதுக்கும் ஒரு பஞ்சாயத்து.

அதுக்கப்புறம் ஒரு தடவை நான் கெளம்பிட்டேன். முசிறி வரைக்கும் நடந்து போயி பஸ் ஏறி, ஸ்ரீரங்கத்துக்கு ரெங்கம்மாள் வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாளே கார் வந்துச்சு. பங்குசாமியும் கூட வந்திருந்தாரு. புருசன் பெண்சாதிய ஆண்டவர் சேத்து வச்சதும்மா, மனுசன் பிரிக்கக் கூடாதுன்னு வாசல்ல நின்னு சொன்னாரு. அன்னிக்கு நான் பெண்சாதிதான், பாருங்க. ஜமீன் மானம் ரோட்டுக்கு வந்துரக் கூடாதுங்கறதுக்காகப் பெண்சாதி. ரெங்கம்மாளால என்ன பண்ண முடியும்? கார்ல ஏறினேன்.

பெரியதொரை போன வருசம் தவறிட்டாங்க. சாகறதுக்கு முன்னால ஒரு பெரிய கூத்து. சங்கம் கூடினதுல பீடத்தத் திருப்பிப் போடணும், சாமியார் சனங்களப் பாத்துப் பூசை வைக்கணும்னு வந்துச்சு இல்ல? திருப்பிப் போட்டாங்க. தொரை நாற்காலி எங்க வந்து நிக்குதுன்னா சாமியாருக்குப் பின்னால. சனங்க சாமியாரப் பாத்தா இவங்களையும் பாக்கணும், இவங்களோ சாமியார் முதுகப் பாக்கணும். பெரியதொரைக்கு அந்த வருத்தம் கடைசி வரைக்கும் ஆறல. எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம், சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். முதுகப் பாக்கறது எப்படி இருக்கும்னு இப்பவாச்சும் தெரியட்டுமேன்னு.

இப்ப ராணியம்மா ராஜ்யம். வாரிசு வேணும். மகனுக்குத் தன் தம்பி மகளையே பாத்துட்டாங்க, செல்வமேரி. அதுக்குத்தான் எங்க கல்யாணம் செல்லாதுன்னு இந்த மனு. ஆமா சாமி, எல்லாம் எனக்குத் தெரியும். கத்தோலிக்கர் ஒருத்தர், உங்க குருவும் ரெண்டு சாட்சியும் இல்லாம எங்க போயித் தாலி கட்டினாலும் உங்க கணக்குல அது கல்யாணமே இல்ல. எங்க ஐயர் முன்னால கட்டின தாலி எங்களுக்குத் தாலி, உங்களுக்கு வெறும் மஞ்சக் கயிறு. அத நீங்க தீர்ப்பா எழுதிக் குடுத்துட்டா சின்னத்தொரை கல்யாணமே ஆகாத மாப்பிள்ளை. சர்க்கார் கோர்ட்டு சமாச்சாரத்த வக்கீல் பாத்துக்குவாராம்.

நான் அழுவேன், பொரளுவேன், விட மாட்டேன்னு மல்லுக்கு நிப்பேன்னு நெனச்சுத்தானே இவ்வளவு எதமாப் பேசறீங்க? காப்பியெல்லாம் வரவழைச்சுக் குடுத்தீங்க. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா சாமி, எனக்கு இந்தத் தீர்ப்பு வேணும். அவங்கள விட எனக்குத்தான் ரொம்ப வேணும். ஓடிப் போனப்போ புடிச்சு இழுத்துட்டு வந்தவங்க, இன்னிக்கு அவங்களே கதவத் தொறந்து போன்னு சொல்றாங்க. வேற எந்தக் கதவும் அந்த வீட்டுல எனக்குத் தொறக்காது. கைலாசபுரத்துல புது ஃபேக்டரி வந்து வீடு வீடாக் கட்டறாங்க இல்ல, அங்க பிள்ளைங்களுக்கு ஒரு ஸ்கூல்ல டீச்சர் வேணுமாம். நான் டிரெயினிங் முடிச்சவ. ரெங்கம்மாள் பேரன் அங்கதான் வேலையா இருக்கான், பேசி வச்சிருக்கான். பாட்டும் சொல்லிக் குடுக்கணுமாம். எனக்கு ஒரு ரூமு, ஒரு அடுப்பு, ஞாயித்துக்கெழம எங்க கோயில்ல ஒரு பெஞ்சு. சத்தமாப் பாடினா திரும்பிப் பாக்க யாரும் இருக்க மாட்டாங்க. அவ்வளவுதான் சாமி நான் கேக்கறது.

வரேன், அந்தக் கேள்விக்குத்தான் வரேன். நீங்க ரெண்டாவது தடவையாக் கேக்கறீங்க, நான் தப்பிச்சுத் தப்பிச்சுப் போறேன், தெரியுது. நான் கத்தோலிக்காவா மாறினதுக்கப்புறம் எங்க கல்யாணத்த எந்தக் குருவாவது மந்திரிச்சு, உங்க கணக்குல செல்லும்படியா ஆக்கினாரா? அதானே? நேத்து ராணியம்மா இதே ரூம்ல வேதப்புஸ்தகத்துல கை வச்சு, அப்படி ஒண்ணும் நடக்கலேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. அவரும் சொல்லிட்டாரு. கோயில் புஸ்தகத்துலயும் ஒண்ணும் இல்ல. நானும் இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுச்சு. வர்ற வழியெல்லாம் கார்ல சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். நடக்கல சாமி, நடக்கல சாமின்னு. நல்லாத்தான் வந்துச்சு.

அந்தப் பொண்ணு செல்வமேரிய போன வாரம் கூட்டிட்டு வந்தாங்க. சின்னப் பொண்ணு. வளையல உருட்டிக்கிட்டே இருக்கு, எதுக்கெடுத்தாலும் சிரிக்குது. பூசையில எப்ப எந்திரிக்கணும், தீர்த்த ஈரத்த யாருகிட்ட வாங்கணும், எந்த முழங்கால் யாருக்குன்னு ராணியம்மா கோயில்லயே வச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. நான் தட்டிக்குள்ள இருந்து கேட்டுட்டு இருந்தேன். அது போறப்போ தட்டி பக்கம் வந்து, ஓட்டை வழியா எட்டிப் பாத்து, இங்க யாருக்கா உக்காருவாங்க, காத்தே வராதேன்னுச்சு. அக்கான்னு கூப்பிட்டுச்சு சாமி. என்னை யாருன்னுகூட அதுக்கு யாரும் சொல்லல. நான் வெளியில வரணும்னா அதே கதவு வழியா அது உள்ள போகணும். அது கட்டிக்கப் போறது கல்யாணம்னு நெனச்சுக்கிட்டுப் போகும். அது கல்யாணம் இல்லேன்னு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், அந்தப் பெரிய மனுசிக்குத் தெரியும். அதுக்கு மட்டும் தெரியாது.

நடந்துச்சு சாமி.

எனக்கு ஞானஸ்நானம் குடுத்த அந்தப் பழைய பங்குசாமி, செத்துப் போயிட்டாரு, அவருதான் பிடிவாதமா நின்னாரு. இத சரி பண்ணாம நான் இவங்களுக்கு நன்மை குடுக்க மாட்டேன்னு. பெரியதொரை, ராஜா வீட்டுல ரெண்டாந்தரம் கல்யாணமா, அப்ப இத்தன நாளு என் மகன் யாரோட இருந்தான்னு ஊர் சிரிக்காதான்னாங்க. கடைசியில ஒரு மத்தியானம், கதவையெல்லாம் சாத்திட்டு, பக்கத்துப் பீடத்துல வச்சு முடிச்சாங்க. மேள தாளம் இல்ல, மெழுகுத்திரிகூட ரெண்டே ரெண்டு. ராணியம்மா ஒரு சாட்சி, கணக்குப்பிள்ளை செபஸ்தியான் ஒரு சாட்சி, அவரும் இப்ப இல்ல. புஸ்தகத்துல எழுதக் கூடாதுன்னு தொரை உத்தரவு. எழுதலேன்னா நடக்காததா ஆயிருமா சாமி? ஆகாதில்ல? எனக்குத் தெரியும். நான் அவரக் கையப் பிடிச்சுச் சாகற வரைக்கும்னு சொன்னேன், அவரும் சொன்னாரு. அவரு கை சில்லுனு இருந்துச்சு.

ஏம்மா இதச் சொன்னேன்னு கேக்காதீங்க. எழுதுங்க. ஏன் பேனாவ வச்சுட்டீங்க? எடுங்க, எடுத்து எழுதுங்க, இன்னொரு தடவை என்னால சொல்ல முடியாது. அவங்க மனு தள்ளுபடிதானே? நான் அவரோட பெண்சாதிதான், உங்க கணக்குலயும் எங்க கணக்குலயும். சரி. புஸ்தகத்தக் கொண்டாங்க, கை வைக்கறேன். அந்த டீச்சர் வேலைக்கு வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லி ரெங்கம்மாளுக்கு ஒரு ஆள் அனுப்புவீங்களா? ஸ்ரீரங்கம் பக்கம் போறவங்க யாராச்சும் இருந்தாப் போதும்.

வீட்டுல என்னை என்ன சொல்வாங்கன்னா? ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சாமி. அந்த வீட்டுல யாரும் எதையும் சொல்றதில்ல. கையெழுத்து எங்க போடணும்? ரோசரின்னா, ஞானப்பூன்னா? ரெண்டையும் போட்டுர்றேன். நான் வரேன் சாமி, இருட்டறதுக்குள்ள முசிறியத் தாண்டிரணும். நாளைக்கு ஞாயித்துக்கெழம.